சின்னது மறைந்த சாயங்காலம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் ஆசை, கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

உன் அம்மாவின் நட்சத்திரம் உனக்குத் தெரிந்ததுதான். கண்ணுக்கு ஒரே புள்ளி, உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. வயதாகி ஊதிப்போன ஆரஞ்சு நிறப் பெரியது ஒன்று, நீலமாய்ச் சின்னது ஒன்று. பெரியதை அவள் 'கிழவர்' என்பாள். கிழவருக்குப் பின்னால் சின்னது போய் மறைவது பல வருஷத்துக்கு ஒருமுறைதான். போன தடவை நீ வயிற்றில் இருந்தாய், டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்றுவிட்டார். அடுத்ததை விடமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னாள். அது இந்த வாரம் வந்தது. அம்மா வேலை பார்த்த வானாய்வுக்கூடத்தில் இப்போது தலைவராக இருக்கும் அவளுடைய பழைய மாணவர் போன் செய்து, "மேடம் இல்லாம எப்படி சார் ஆரம்பிக்கிறது, கூட்டிட்டு வாங்க"ன்னார். தலை வாரிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, காரில் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் யாரும் காட்டாமலே படியேறி, சரியான கதவைத் தள்ளி, சரியான விளக்கை அணைத்தாள். வந்துவிட்டாள், என் பொண்டாட்டி திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன் மகளே.

கம்ப்யூட்டர் திரையில் நீல வெளிச்சத்தின் அளவைக் காட்டும் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. சின்னது உள்ளே போகிறது என்று அந்த மாணவர் சொன்னார். உன் அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்களே, யாரு இதையெல்லாம் கணக்குப் போட்டது?" என்று மரியாதையாகக் கேட்டாள். நீங்கதான் மேடம் என்றார் அவர். "சும்மா கேலி பண்ணாதீங்க தம்பி" என்று சிரித்தாள். அந்தப் பெரிய மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

திரும்பும்போது பின்சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள். பாதி வழியில், "கொஞ்சம் சீக்கிரம் போங்க டிரைவர், வீட்ல அவரு சாப்பிடாம காத்துட்டிருப்பாரு" என்றாள். சரிங்கம்மா என்றேன். வீட்டுக்கு வந்ததும் அறை அறையாக என்னைத் தேடினாள். ஓடிப்போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றேன். "நீங்க இன்னும் போகலையா?" என்று கேட்டாள்.

சின்னது மறுபக்கம் வெளியே வந்துவிடுமாம், தேதிகூட உன் அம்மா போட்டதுதான். இவளைப் பற்றிக் கேட்டால் டாக்டர் தலையைக் குனிந்துகொள்கிறார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் நான், எது கெட்டாலும் பிரித்துச் சரிபண்ணிவிடலாம் என்று ஒரு திமிர் இருந்தது. அது போய்விட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் அன்றைக்கே பேசிவிடு. இரண்டு பேரும் நீண்ட காலம் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்து வாழ வேண்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மறக்காதே, போனில் அம்மாவிடம் "நான் யாருன்னு தெரியுதா"ன்னு கேட்காதே, பயந்துபோகிறாள்.

லீவு கிடைத்தால் ஒருமுறை வா. அம்மாவுக்காக இல்லை, அவளுக்கு உன்னை அடையாளம் தெரியாது. இந்த வீட்டில் என்னை அப்பா என்று கூப்பிட ஒருத்தர் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா