காலையில் எடுத்த சிரிப்பு

மார்ச் 4

வேலை சீராகப் போகிறது. இன்று தடுப்புவேலி சரியும் பகுதியைக் கோத்து முடித்தேன். ராக் கச்சேரி எனக்கு இரைச்சல்தான். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் வெறும் கைகள். வேலி சரிகிறது, காவலுக்கு நின்றவர்கள் தடியோடு கூட்டத்துக்குள் இறங்குகிறார்கள். இரண்டு பேர் செத்துப்போன இடம். முப்பது வருடத்துக்கு முந்தைய படச்சுருள், ஓரமெல்லாம் கீறல்.

ஓய்வுபெற்ற எடிட்டரான என்னை நம்பி இந்தப் படத்தை ஏன் கொடுத்தானோ. மனைவியின் தங்கை மகன்; அவனுடைய முதல் ஆவணப்படம். "உங்க கைய விட்டா எனக்கு வேற கை இல்ல பெரியப்பா" என்றான்.

மார்ச் 7

அந்தக் கச்சேரியின் பாடகர் சிரிக்கும் துண்டு ஒன்றை அவன் தேடி எடுத்தான். அடி விழும் காட்சிக்கு அடுத்து அதை வைக்கச் சொன்னான். அது காலையில் மைக் சரிபார்த்தபோது எடுத்தது. மேடைத் தரை காய்ந்து கிடக்கிறது. கச்சேரி நேரத்திலோ மழை. சொன்னேன்.

"முகத்தை மட்டும் பெருசாக்கிட்டா தரை தெரியாதே பெரியப்பா!"

பெரிதாக்கினேன். வெளிச்சம் கூடுதலாக இருந்தது; அதையும் குறைத்தேன். ஒட்டு தெரியவில்லை. கை இன்னும் தேறும் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

மார்ச் 8

இயக்குநர் சொல்வதை எடிட்டர் செய்கிறான். காலமெல்லாம் அப்படித்தான் செய்தேன். இதில் என்ன புதிது?

மார்ச் 13

பாடகரை வரவழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினான். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். முடி போய், தொப்பை வந்திருக்கிறது. "இந்த வழுக்கையக் காட்டினீங்கன்னா பழைய ரசிகைங்க என்மேல வழக்குப் போடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

நான் வழக்கம்போல் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் பார்ப்பவரைப் பார்த்தேன். சிரிப்பு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் சிரிச்சிருக்கேன்... அடிக்கிறது என் கண்ணுல படவே இல்லைன்னு இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன். செத்தவங்க வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பாத்துட்டுச் சிரிச்சிருக்கேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம்.

அவர் போனதும் இவன் குதித்தான். "அவரே ஒத்துக்கிட்டாரு! இருபதாம் தேதி கேமரா முன்னாடி உக்கார வெச்சு இதையே கேக்கப்போறேன். இதான் படத்தோட முடிவு."

"அது காலையில எடுத்ததுப்பா."

"அவருக்கே ஞாபகம் இல்ல. உங்களுக்கு எங்க வலிக்குது?"

எங்கே?

மார்ச் 15

மனைவியிடம் சொன்னேன். "சின்னப் பையன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடாதீங்க. என் தங்கச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றாள். நியாயம்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அந்த ஆளுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்றாள். தெரியாது என்றேன்.

மார்ச் 17

ஓட்டுநர் பள்ளி வாசல்வரை போனேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். திரும்பிவிட்டேன். ஆட்கள் இல்லாவிட்டாலும் திரும்பியிருப்பேன்.

மார்ச் 19

மறுபடி போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "கத்துக்க வந்தீங்களா சார்? வயசெல்லாம் ஒரு தடையா, ஏறுங்க!" என்றார். இல்லை என்று சொல்லத் தெரியாமல் ஏறிவிட்டேன். இந்த வயதில் முதன்முறையாக ஸ்டியரிங்கைப் பிடித்தேன்!

"கிளட்ச மெதுவா விடுங்க... மெதுவான்னு சொன்னேனே!"

வண்டி குலுங்கித் தெருநடுவில் நின்றது. பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அழுத்தினான். அந்தச் சத்தம் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

"அந்தப் படத்தை வெட்டி ஒட்டினவன் நான்தாங்க. நீங்க சிரிச்சது காலையில. இடம் மாத்தி வெச்சது நான்."

அவர் கைபிரேக்கை இழுத்தார். பிறகு, "காலையிலயா? டிரம் அடிக்கிறவன் ஸ்டூல் உடைஞ்சு விழுந்தானே... அதுக்கா?" என்றார்.

"அதுக்குத்தான். முந்தின துண்டுல அவர் விழறாரு."

சிரித்தார். முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி நான் மனப்பாடம் செய்த அதே சிரிப்பு. பாதியில் அழுகையாகிவிட்டது. நான் எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குச் சிக்கல் வருமே சார்" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மார்ச் 20

அந்தச் சிரிப்பு காலையில் எடுத்தது என்று கேமரா முன்னால் அவர் சொல்லிவிட்டார். "யார் சொன்னது உங்களுக்கு?" என்று இவன் கேட்டான். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன் - வகுப்பில் தூக்குவதுபோல.

திட்டுவான் என்று நினைத்தேன். "ரூம் சாவியக் கொடுத்துட்டுப் போங்க பெரியப்பா" என்றான், அவ்வளவுதான். கொடுத்தேன்.

ஏப்ரல் 2

மனைவியின் தங்கை தொலைபேசியில் வந்தாள். பக்கத்து அறையிலிருந்து மனைவி பேசுவது கேட்டது: "ஆமாடி, செஞ்சாருதான். இப்ப என்னங்கிற?"

செப்டம்பர் 11

டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தோம். சிரிப்பு தொடக்கத்தில் வருகிறது. ஸ்டூல் உடைகிறது, ஆள் விழுகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். அரங்கத்திலும் சிரித்தார்கள்.

கடைசியில் பெயர்கள் ஓடின. என்னுடையது இல்லை. மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வந்துச்சா?" என்றாள். "வேகமா போயிடுச்சு" என்றேன்.

அடி விழுந்த பிறகு ஓரிடத்தில் மட்டும் படம் தொய்கிறது. வைக்க ஒன்றும் அகப்படவில்லை போல; வெறும் மழையைக் காட்டுகிறார்கள், நெடுநேரம். நானாக இருந்தால் பாதியாகக் குறைத்திருப்பேன்.

அவன் குறைக்காததே சரி.