தொட்டி வளைவில் எழும்பும் சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தூக்கியது.

அதே தண்ணீர்த் தொட்டி வளைவு, அதே இடது பின்சக்கரம். நாலு விரல் உயரம்கூட இருக்காது. ஆனால் கைப்பிடியில் தெரிந்துவிடுகிறது, வண்டி திடீரென்று லேசாகிவிடும். ஆக்சிலேட்டரைக் குறைத்தேன், தொப்பென்று தரையில் விழுந்தது. மருத்துவமனை வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுக்கும்போது, பின்னால் உட்கார்ந்து வந்த என் வீட்டுக்காரருக்கு உதடு வெளுத்திருந்தது.

"டயாலிசிஸ்ல நான் சாக மாட்டேன். அதுக்கு வர்ற வழியிலதான் சாவேன்," என்றார் நர்ஸம்மாவிடம். நர்ஸம்மா சிரித்தார். எனக்கு வரவில்லை.

வாரம் மூன்று நாள், காலை ஆறு மணி ஷிஃப்ட். எங்கள் சந்தில் கார் நுழையாது. அந்த நேரத்துக்கு வருகிறேன் என்று சொல்கிற வாடகை வண்டிக்காரர் வருவதில்லை. பத்து வருடம் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க ஊரெல்லாம் சுற்றிய பைக் என்னுடையது. என் முட்டி தேய்ந்து, சிக்னலில் கால் ஊன்ற முடியாமல் அவரோடு சேர்ந்து சரிந்த அன்றுதான் மெக்கானிக் சொன்னான், பின்னால் ஒற்றைச் சக்கரத்தை எடுத்துவிட்டு இரண்டு வைத்துவிடலாம் என்று. உருண்டு திரண்ட உடம்பு; சிலிண்டர் என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். இனி சாயவே சாயாது என்றான். நானும் நம்பினேன்.

மார்ச் 4, புதன்

பட்டறையில் அரை நாள். பழைய ஷாக் அப்சார்பர் இரண்டும் தளர்ந்துவிட்டதாம். புதிது போட்டு ஸ்பிரிங்கைக் கடைசிப் படி வரை இறுக்கிவிட்டான். "இனிமே பாருங்கக்கா, பாறை மாதிரி நிக்கும்."

மார்ச் 5, வியாழன்

பாறை மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போட்டது. வளைவில் ஒரு சின்ன மேடு, அதில் ஏறிய சக்கரம் இறங்கவே மறந்துவிட்டது. முன்னைவிட உயரம். அவர் "ஐயோ" என்றார். ஒரே ஒரு ஐயோ.

திரும்பி வரும்போது ஒன்றுமில்லை. இதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. போகும்போது தூக்குகிறது, வரும்போது தூக்குவதில்லை. ஒரே வளைவு, ஒரே ஆள். ஒரே ஆளா? நர்ஸம்மாவின் சீட்டைப் பார்த்தேன்: இன்று உடம்பிலிருந்து எடுத்த நீர் மூன்று கிலோ நானூறு. அப்படியானால் போகும்போது அவர் மூன்றரைக் கிலோ கூடுதல். அதுதான். வேறென்ன?

மார்ச் 6, வெள்ளி

ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் தண்ணீர் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று முதல் மூன்று. நான்தான் அளந்து கொடுப்பேன்.

மார்ச் 7, சனி

தூக்கியது. எடுத்த நீர் ஒன்று தொள்ளாயிரம்தான். குறைந்துதான் இருக்கிறது, ஆனாலும் தூக்கியது. இன்னும் குறைக்க வேண்டுமோ?

மத்தியானம் குளியலறையில் குழாய் நீண்ட நேரம் ஓடியது. கதவைத் தட்டி, "குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். குடித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

சிலிண்டர் ராத்தூக்கம் கெட்டு யோசித்தானாம். ஸ்பிரிங்கைப் பாதிக்குத் தளர்த்திவிட்டான். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் எண்ணெயைக் கெட்டியாக மாற்றினான். பின்னால் ஸ்வே பார் என்று ஒரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிறது. ஒரு பக்கம் எழும்பப் பார்த்தால் மறுபக்கம் அதைக் கீழே இழுத்துவைக்குமாம். பிறகு அவருடைய எடைக்கு, அறுபத்தெட்டு கிலோ மணல் மூட்டையைக் கட்டி உட்காரவைத்தான்.

ஆறு தடவை தொட்டி வளைவில் இறங்கினேன். நாற்பதில், நாற்பத்தைந்தில். ஒரு தடவைகூட எழும்பவில்லை! சிலிண்டர் வழியில் நின்று விசிலடித்தான். "மூட்டை சமத்தா உக்காந்திருக்குக்கா!"

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மார்ச் 10, செவ்வாய்

தூக்கியது.

முப்பதில்தான் போனேன். கத்தினார். வளைவு முடிந்ததும் என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி ஓரச்சுவரில் உட்கார்ந்துகொண்டார். இருமினார், மூச்சு வாங்கியது. மணி ஐந்து ஐம்பது.

"போதும். என்னால ஆகாது."

"இன்னும் ஒரு கிலோமீட்டர்தாங்க. உருட்டிக்கிட்டே போறேன்."

"மணல் மூட்டையோட போ. உனக்கு அதுதான் ஒத்துவருது."

எவ்வளவோ கெஞ்சினேன். பால் வண்டிக்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். இவர் அசையவில்லை. வீட்டுக்கே திரும்பினோம். வரும்போது சக்கரம் எழும்பவில்லை. எனக்கு அந்த வண்டியைக் கொளுத்திவிடலாம் போலிருந்தது.

மார்ச் 11, புதன்

கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

மார்ச் 12, வியாழன்

இன்றும் வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நர்ஸம்மா போனில் திட்டினார். "நுரையீரல்ல தண்ணி ஏறிடும்மா. அப்புறம் ஆம்புலன்ஸ்லதான் வரணும், விளையாட்டா?" போனை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

கால்ல விழுந்தேன். நிஜமாவே விழுந்தேன். இருபத்தொரு வருஷத்துல இப்படி ஒரு நாளும் நான் யார்கிட்டயும்... என்ன மனுஷன் இவரு? செத்துப்போனா எனக்கு யாரு இருக்கா? ஒரு வளைவுக்காகவா? ஒரே ஒரு வளைவு!

சாயங்காலம் பட்டறையில் போய் அழுதேன். சிலிண்டர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஆறுதல் சொல்லத் தெரியாதவன், வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் மட்டும் வந்தது.

"அக்கா, வலது ஷாக் கசியுது. புதுசு போட்டு எட்டு நாள்தான் ஆச்சு. வலது டயரும் அதிகமா தேஞ்சிருக்கு. சார் எப்படி உக்காருவாரு?"

எப்படி என்றால்? பின்னால் உட்காருவார்.

"அது தெரியும்க்கா. எப்படி?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர். நான் ரோட்டைத்தான் பார்த்திருக்கிறேன், மீட்டரைப் பார்த்திருக்கிறேன், சக்கரத்தைப் பார்த்திருக்கிறேன். உடம்பு சரியில்லாத மனிதரைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று பட்டறைக்கு ஒரு நாளும் அழைத்துப் போகவில்லை.

மார்ச் 13, வெள்ளி

காலையில் சிலிண்டர் வீட்டுக்கே வந்துவிட்டான். "சார், எங்கயும் போகல. சந்துலயே நிக்கப்போற வண்டி. சும்மா ஏறி உக்காருங்க, அஞ்சு நிமிஷம்." அவனுக்காக எழுந்தார். இரண்டு பேரும் தாங்கி ஏற்றினோம்.

ஏறியதும் இடது கையை மடக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வலது கையால் பக்கத்துக் கம்பியைப் பிடித்தார். உடம்பு முழுவதும் வலப்பக்கம் தொங்கியது. சிலிண்டர் வண்டியை லேசாக உலுக்கினான். இன்னும் வலப்பக்கம் போனார்.

"இந்தக் கையால புடிங்க சார்."

"இதால எதையும் புடிக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. ஆபரேஷன் பண்ணின ரத்தக்குழாய் இதுலதான் இருக்கு. இது போச்சுன்னா ஊசி குத்த வேற இடமில்ல."

சிலிண்டர் என்னைப் பார்த்தான். இடது வளைவில் வண்டியே வலப்பக்கம்தான் தள்ளும். அதோடு இவரும் சேர்ந்து வலப்பக்கம் தொங்கினால் இடது சக்கரம் எழும்பாமல் என்ன செய்யும்? வரும்போது அதே வளைவு வலது வளைவு. இவர் பாரம் உள்பக்கம் அமுக்கும். எழும்பாது. தண்ணீரும் இல்லை, கிலோவும் இல்லை. பயந்து கையைக் காப்பாற்றிக்கொண்டு ஒற்றைக் கையில் தொங்கிய மனிதரை நான் ஒரு வாரம் தாகத்தில் போட்டிருக்கிறேன்.

பதினோரு மணிக்கு அவருக்கு மூச்சு முட்டியது. உட்கார்ந்தாலும் முட்டியது. சந்துமுனை வரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஆம்புலன்சில் என் கையைத் தேடிப் பிடித்தார். முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, இரண்டு மூச்சுக்கு நடுவில் சொன்னார்:

"அன்னைக்கு நான் குடிக்கல. முகம்தான் கழுவினேன்."

மார்ச் 14, சனி

ஐ.சி.யூ. உள்ளே விடவில்லை.

மார்ச் 16, திங்கள்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தூங்குகிறார்.

உடம்பு முடியாமல் போனதிலிருந்து மூடிக் கிடக்கிற அவருடைய சலூனின் சாவியை சிலிண்டர் கேட்டான். எதற்கென்று கேட்காமல் கொடுத்தேன். சுழல் நாற்காலியின் முதுகையும் கைகளையும் அறுத்து வண்டியின் பின்சீட்டில் பற்றவைத்திருக்கிறான். நடு நெஞ்சுக்கு நேராக வலது கைக்கு ஒரு பிடி, இடது கை சும்மா கிடக்க ஒரு மெத்தை, இடுப்புக்குப் பெல்ட். இருக்கையை மூன்று அங்குலம் இறக்கியிருக்கிறான். வலது ஷாக்கும் புதிது. இடது கையை மடக்கிக்கொண்டு அவனே பின்னால் உட்கார்ந்து வந்தான், அவ்வளவு பாரத்தோடு. எழும்பவில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூட்டைக்கும்தான் எழும்பவில்லை.

மார்ச் 19, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். சந்துமுனை வரை கார், அங்கிருந்து நடை. வண்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என் நாற்காலிய அறுத்துட்டீங்களா?"

"ஆமா."

"ஊர்ல உள்ளவன் தலையையெல்லாம் ஆடாதே ஆடாதேன்னு அதுலதான் புடிச்சு வெச்சேன்."

கோபமா, இல்லையா, தெரியவில்லை. நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 20, வெள்ளி

ஐந்து டம்ளரையும் அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். எப்போது குடிக்கிறார் என்று பார்க்கவில்லை. நாளைக்கு வருவீர்களா என்று ஒரு தடவை கேட்டேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? மறுபடி கேட்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 21, சனி

வந்தார். தொட்டி வளைவில் இருபதில் போனேன். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தே காதைக் கிழித்தது. இரண்டு சக்கரமும் தரையில்தான். இறங்கும்போது பெல்ட்டை அவரே அவிழ்த்துக்கொண்டார்.

மார்ச் 24, செவ்வாய்

இருபத்தைந்து.

ஏப்ரல் 11, சனி

இன்று வளைவு தாண்டி நூறடி போயிருப்பேன், என் முதுகில் அவருடைய ஹெல்மெட் வந்து முட்டியது. முட்டிய தலை நிமிரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். எப்படி ஓரம் கட்டினேன், எப்படி இறங்கினேன், ஒன்றும் நினைவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி மூக்கருகில் விரலை வைத்தேன்.

குறட்டை.

பெல்ட்டில் சாய்ந்து, இடது கை மெத்தையில் கிடக்க, நன்றாகத் தூங்கியிருக்கிறார். வளைவு வந்ததே அவருக்குத் தெரியாது. நடுரோட்டில் நின்று அழுதேன். கண்ணைத் திறந்தவருக்குக் கோபமான கோபம்.

"ஏன் நிறுத்தின? மணி என்ன ஆகுது? ஆஸ்பத்திரியில ஜன்னலோரக் கட்டிலை வேற எவனாவது புடிச்சுக்கப்போறான், எடு வண்டிய!"

எடுத்தேன்.