ஒரு வாய் கள்ளும் உங்கள் பரிசுத்தமும்

அப்பா,

இன்று காலை ஆரப்பாளையத்துக் கள்ளுக்கடையை மூடிவிட்டார்கள். மதுவிலக்கு வந்துவிட்டதாம். மிச்சமிருந்த பானைகளைச் சர்க்கார் ஆட்கள் தெருவிலேயே கவிழ்த்தார்கள். புளித்த வாடை என் அடுப்படி வரை வந்தது. சபைப் பெண்கள் கூடி நின்று பாட்டுப் பாடினார்கள். "உங்கப்பா உபதேசியாரு இருந்து பாத்திருக்கணும். எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பாரு" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்தான். நான் கையை உருவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த வாடையை நான் அவ்வளவு நெருக்கத்தில் முகர்ந்தது என் பரிசத்தன்று, நீங்கள் நம் வாசலில் கொட்டிய கள்ளில்.

திருமங்கலத்துக்குப் பக்கத்துச் சபையில் நீங்கள் உபதேசியாராக இருந்த காலம் அது. எந்த வசனத்தில் தொடங்கினாலும் உங்கள் பிரசங்கம் கள்ளிலும் சுருட்டிலும்தான் போய் நிற்கும். சுருட்டு வாயோடு ஜெபிப்பது கோயிலுக்குள் குப்பையைக் கொளுத்துவது மாதிரி என்பீர்கள். கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவர் தண்ணீரை மாற்றி உண்டாக்கியது புளிக்காத திராட்சைச் சாறு என்று அடித்துப் பேசுவீர்கள். புளிக்காதது என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்ட மனிதரை அடுத்த முறை அப்பமும் ரசமும் கொடுக்கிற இராப்போஜனத்துக்கு வரவிடாமல் தள்ளிவைத்தீர்கள். உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. உங்கள் தகப்பனார் அறுப்புக் கூலியையெல்லாம் கள்ளுக்கடையில் தொலைக்க, நீங்களும் அத்தையும் புளியங்கொட்டையை வறுத்துத் தின்று வளர்ந்தவர்கள்.

அந்த அத்தை மகனுக்குத்தான் என்னைப் பேசியிருந்தது. அவர்கள் வீட்டில் யாரும் வேதத்துக்கு வரவில்லை. அவர் மட்டும் எழுமலையிலிருந்து வண்டி பிடித்து வந்து ஆராதனையில் கடைசியில் உட்காருவார். கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுப்பதாக உங்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரைத் தவிர வேறு யாரையும் நான் நினைத்ததில்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

பரிசத்தன்று அத்தை புதுக் கலயத்தில் கள் கொண்டுவந்தார். பெண்ணைப் பெற்றவர் முதல் வாய் குடித்து, கலயத்தை மாப்பிள்ளையைப் பெற்றவர் கையில் கொடுத்தால்தான் அவர்கள் பக்கத்தில் சம்மந்தம் உறுதி. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்க சாமியே கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுத்தாராமே என்று மாமா கேட்டுப் பார்த்தார். கடைசியில் அத்தை கிட்டே வந்து நின்றார்.

"ஒதட்டுல தொட்டாப் போதும்ணே. நம்ம அப்பன் குடிச்சுக் கெட்டது எனக்கும்தான் தெரியும். இது குடியில்ல, மொறை."

நீங்கள் கலயத்தை வாங்கினீர்கள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாங்கியவர் அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டு, அவர்களுடைய பாவத்துக்காக அங்கேயே முழங்கால் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தீர்கள். நீங்கள் கண்ணைத் திறந்தபோது அத்தை வீட்டார் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள். அத்தை மகன் அதன்பிறகு எந்த வேதக்கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. ஆத்துமா ஆத்துமா என்று ஊர் ஊராக அலைந்தீர்களே, தானாக வந்த ஓர் ஆத்துமாவை ஒரு வாய் கள்ளுக்காகத் துரத்திவிட்டீர்கள். அதற்காக ஒரு நாளாவது முழங்கால் போட்டீர்களா?

பிறகு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு என்னைக் கொடுத்தீர்கள். கள் இல்லை, சுருட்டு இல்லை, மூக்குப்பொடிகூட இல்லை என்று பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்தீர்கள். எல்லாம் உண்மைதான். அவர் தெளிந்த புத்தியோடுதான் என்னை அடித்தார். குழம்பில் உப்புக் கூடினால் அடி, வெளுத்த வேட்டியில் கறை தெரிந்தால் அடி. அடித்த கையோடு வேதத்தைத் திறந்து குடும்ப ஜெபம் நடத்துவார். ஒருநாள் கன்னம் வீங்கிப் போய் உங்களிடம் வந்து நின்றேன்.

"குடிக்கிறாரா, தாயி?" என்று கேட்டீர்கள்.

"இல்லப்பா."

"சுருட்டு?"

"இல்ல."

"அப்பறம் என்ன?"

சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், அன்றைக்கே வண்டி கட்டி என்னைக் கொண்டுபோய் விட்டீர்கள். போகிற வழியெல்லாம் நல்ல புருஷன் அமைந்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அன்றோடு உங்களிடம் எதையும் சொல்வதை விட்டுவிட்டேன்.

வாத்தியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, பிறர் செய்த குற்றத்தை மன்னிக்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் வாய் மூடிக்கொள்கிறது. என்னை அடித்தவர் முகம்கூட அப்போது வருவதில்லை, உங்கள் முகம்தான் வருகிறது. அந்த வரியைத் தாண்டிய பிறகே மற்றவர்களோடு சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. சபை ஐயர் இராப்போஜனத்துக்கு என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறார். ஏன் கூப்பிடமாட்டார்? இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டுக் கள்கூட என் நாக்கில் பட்டதில்லையே, அப்பா.