உழாமல் விட்ட மைதானம்

எந்த உலகத்தில் இருந்தாலும் மழைக்கோட்டை மறக்காமல் கொண்டுபோயிருக்கும் என் அன்பு அண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு இங்கே லண்டன் ஹவுன்ஸ்லோவில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அண்ணி மறுபடியும் வேலைக்குப் போகிறார். உங்கள் காரை உங்கள் மகன் கண்ணன் ஓட்டுகிறான், உங்களைவிடக் கவனமாகத்தான். ஹீத்ரோ சரக்குக் கிடங்கில் உங்கள் ஷிப்டை இப்போது சவுத்தாலில் இருந்து வரும் ஒருவர் செய்கிறாராம். நான் எழுத வந்தது ரக்பி விஷயம். சிரிக்காதீர்கள்.

கண்டியில் படித்தபோது பிடித்த பைத்தியம் லண்டன் வந்தும் உங்களை விடவில்லை. ஆட முடியாத வயதில், எங்கள் பக்கத்துச் சின்னக் கழகத்துக்கு ஆட்டங்களை ஒழுங்குசெய்யும் பொறுப்பை எடுத்தீர்கள். எண்பதுகளில் அதற்கு ஒரு தொலைபேசியும் வாயும் போதும். வில்ட்ஷயர் கிராமம் ஒன்றில் மார்கரெட் என்ற பண்ணைக்காரி தன் சமையலறையில் இருந்தபடி அதே வேலையைச் செய்தாள். நீங்கள் இருவரும் பேசி மார்ச்சில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தால் அது வருடாவருடம் அப்படியே நிற்கும். எழுத்தில் ஒன்றும் இல்லை.

முதல் தடவை அவர்கள் இங்கே வந்தபோது நீங்கள் செய்த கூத்து நினைவிருக்கிறதா? அந்த விளையாட்டில் வந்தவர்களுக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. நீங்களோ, தூரத்தில் இருந்து வந்த சனம் பசியோடு நிற்கக்கூடாது என்று, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே என்னைக்கொண்டு சமைப்பித்த ஆட்டிறைச்சிக் கறியையும் சோற்றையும் போட்டுவிட்டீர்கள். அவர்கள் ஓட முடியாமல் மைதானத்தில் மூச்சு வாங்கினார்கள். நாங்கள் வென்றோம். அது சூழ்ச்சி என்று மார்கரெட் சில மாதங்கள் நம்பினாள். பிறகு கறிக்கு என்னென்ன போட்டது என்று என்னைக் கேட்டாள்.

அவர்களுக்கு மார்ச்சில் ஆள் சேராது. ஆடுகள் குட்டி போடும் காலம், பாதிப்பேர் பட்டியில் நிற்பார்கள். அதனால் ஆள் மிஞ்சிய பக்கம் குறைந்த பக்கத்துக்குக் கொடுக்கும். கண்ணன் வளர்ந்ததும் எப்போதும் அவனைத்தான் கொடுத்தீர்கள். "அப்பா என்னை அவங்களுக்கு எழுதிக் குடுத்திட்டார்" என்று சலித்துக்கொள்வான்.

லீக் என்ற புள்ளிப் போட்டித் தொடர் வந்ததும் மற்ற ஆட்டங்களில் இதெல்லாம் போயிற்று. பதிவு செய்தவர்கள்தான் ஆடலாம், இரவல் ஆள் கிடையாது. மார்கரெட்டின் கழகம் ஆள் சேராமல் லீக்கை விட்டு வெளியே வந்தது. மற்றக் கழகங்களின் சனிக்கிழமைகள் எல்லாம் லீக்குக்கே சரி. கடைசியில் அவர்களுக்கு மிஞ்சியது நீங்கள் ஒதுக்கிவைத்த மார்ச் சனிக்கிழமை ஒன்றுதான். இதை ஏன் நீங்கள் வீட்டில் சொல்லவில்லை?

பொங்கல் முடிந்த கையோடு மார்கரெட் என்னை அழைத்தாள். அவர்களுடைய மைதானம் பக்கத்துப் பண்ணைக்காரரின் நிலம். வருடத்தில் ஒரு ஆட்டமாவது நடந்தால் புல்லாக விடுவேன், இல்லாவிட்டால் உழுது பார்லி போடுவேன் என்று சொல்லிவிட்டாராம். வருவீர்களா என்று கேட்டாள். ரக்பியில் பந்தை ஏன் பின்னுக்கு எறிகிறார்கள் என்பதே தெரியாத நான், வருவோம் என்று சொல்லிவிட்டேன்.

கழகத்தில் போய்க் கேட்டேன். அன்றைக்கு லீக் ஆட்டம் இருக்கிறது, மன்னிக்கவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். கண்ணன் தலையில் கைவைத்தான்.

"மாமி, என்னத்துக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்? ஒரு பக்கத்துக்குப் பதினைஞ்சு பேர் வேணும், எங்க போறது?"

"உன்ர அப்பர் இருந்தா போயிருப்பார்தானே. நீ வாறியோ இல்லையோ?"

"நான் வாறன். வேற ஆர் வருவினம்?"

வயதாகி ஆட்டத்தை விட்டவர்கள் வந்தார்கள். மோர்டனில் இருந்து அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். மினி பஸ்ஸில் எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று. அவர்களும் பத்துப் பன்னிரண்டு பேர்தானே வருவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனோம்.

அங்கே பதினேழு பேர் நின்றார்கள். இதுதான் கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று கேள்விப்பட்டு, வேலைக்காக நகரத்துக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள். ஆட்டுப்பட்டிகளைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். மார்கரெட் இரண்டு பேரைப் பிடித்து எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள். அந்த மைதானத்தில் உங்கள் மகன் முதன்முதலாகத் தன் சொந்தப் பக்கத்துக்கே ஆடினான், அண்ணை.

மோசமாகத் தோற்றோம். நிலத்துக்காரர் வேலியில் சாய்ந்து கடைசிவரை பார்த்தார். இந்த வருடம் புல்லாகவே கிடக்கட்டும், அடுத்த வருடமும் வருவீர்கள்தானே என்று என்னைக் கேட்டார். யாரையும் கேட்காமல் அதற்கும் தலையாட்டினேன்.

திரும்பும்போது, பதின்மூன்று, பதினேழு, இரவல் ஆள் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொண்டு வந்தேன். அண்ணையிடம் சொல்லவேண்டும், விழுந்து விழுந்து சிரிப்பார் என்ற நினைப்பு. ஹவுன்ஸ்லோவுக்குக் கிட்ட வந்த பிறகுதான், சொல்ல ஆள் இல்லை என்பது உறைத்தது. செத்தவீட்டில் அழாத நான் மினி பஸ்ஸில் அழுதேன். கண்ணன் ரேடியோவை நிறுத்தினான்.

அடுத்த மார்ச்சிலும் போவோம். ஆள் சேர்ப்பது இனி என் வேலை. வென்றாலும் தோற்றாலும் முடிவை முதலில் உங்களுக்குத்தான் சொல்லுவேன். இந்த முறை அவர்கள் வென்றார்கள், அண்ணை.

உங்கள் ஒரே தங்கச்சி,
வசந்தி