நைனா என்று ஜெபித்த வாரம்

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். சிப்காட் ஆலைகள் பக்கம் புகை எது, மேகம் எது என்று தெரியவில்லை. வாங்க வேண்டியது: சுகர் மாத்திரை, கொசுவத்தி, நீலப் பேனா ரெண்டு.

ஜெபம் பற்றிய புத்தகம் நாலாம் அத்தியாயத்தில் நிற்கிறது. கை ஓடவில்லை. போன ஞாயிறு ஆராதனையில் என்னை ஜெபம் நடத்தச் சொன்னார்கள். ‘பிதாவே’ வரவேண்டிய இடத்தில் ‘நைனா’ என்றேன். புத்தகத்தில் எழுதியதைத்தானே வாயால் சொன்னேன்! இயேசு தம் வீட்டுப் பேச்சில் ‘அப்பா’ என்று கூப்பிட்டார், நாமும் நம் வீட்டுப் பேச்சில் ‘நைனா’ என்று கூப்பிடலாம். அதுதான் என் கட்சி. பின்வரிசையில் சிரிப்பு. கமிட்டி செயலாளர் ஸ்டெல்லா எழுந்து வெளியே போய்விட்டார்.

இன்று பாஸ்டர் போன். “சனிக்கிழமை கமிட்டி, சார். அதுல ஒரு முடிவு ஆகறவரைக்கும் திருவிருந்துக்கு நீங்க வரவேணாம்.”

திருவிருந்து இல்லாமலா? பட்டம், பேராசிரியர் பதவி, எல்லாம் போகட்டும். அந்தத் துண்டு அப்பம் இல்லாவிட்டால் எனக்கு ஞாயிறே இல்லை. பயமாக இருக்கிறது.

நவ. 7, வெள்ளி

மழை. கரண்ட் இல்லை.

எஸ்தருக்குப் புருஷன் என்ற பயமே கிடையாது. “ஊருக்கே வியாக்கியானம் சொல்ற மனுஷன், நாஷ்டா துன்னாம மோட்டுவளையப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்தா இன்னா அர்த்தம்? தோசை ஆறுது பாரு.”

சாப்பிட்டேன். ரெண்டு.

என்னைப் பெற்ற நைனா ஞாபகம். ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்துக்கு நாற்று சுமந்த தோள். மழைநாளில் அதே தோளில் என்னை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை சேற்றில் நடப்பார். ஒரு அடி அடித்ததில்லை. கடவுளைக் கூப்பிட எனக்கு வேறு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. ஸ்டெல்லாவுக்கு இதில் என்ன பேஜாரு? அத்திப்பட்டு பவர் பிளான்ட் ஆபீஸர் அம்மாவுக்குக் கூலிக்காரன் பாஷை கசக்கிறதோ! நாளைக்கு நறுக்கென்று கேட்டுவிட வேண்டும்.

நவ. 8, சனி

மழை விட்டது. கமிட்டிக்கு கிரேக்கம், எபிரேயம் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். அவிழ்க்கவே இல்லை.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தே பேசினார். “எங்க நைனா குடிச்சிட்டு வந்து அம்மா முடியப் புடிச்சி தெருவுல இஸ்துக்கினு போவாரு, சார். நைனா வர்றாருன்னாலே நாங்க கட்டிலுக்கு அடியில பூந்துக்குவோம். பிதான்னு எங்க ஊட்ல யாரையும் கூப்ட்டதில்ல. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு சுத்தமா கீது. அதையும் புடுங்கிக்காதீங்க.”

சே, என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! “மன்னிச்சிடும்மா” என்றேன்.

“ஐயோ, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இதைப் புத்தகத்தில் எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க. என் பேரு மட்டும் வேணாம்.”

அப்புறம் மென்று முழுங்கி, திருவிருந்து பற்றிக் கேட்டேன்.

“நான் எப்ப வரவேணான்னு சொன்னேன்? பாஸ்டரே சொல்லிக்கினாரா?”

பாஸ்டர் அவசரமாக எல்லோருக்கும் டீ சொன்னார். அப்பாடா. வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொல்லும்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நவ. 9, ஞாயிறு

நல்ல வெயில். அப்பம் கிடைத்தது.

ஸ்டெல்லா பக்கத்தில்தான் முழங்கால் போட்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்று ‘பிதாவே’ என்று சத்தமாகவே சொன்னேன். வெளியே செருப்பு மாட்டும்போது கிட்டே வந்தார்.

“எனக்காவ மாத்திக்கினீங்களா, சார்?”

“ஆமாம்மா.”

“உங்க நைனா நல்லவரா?”

“ரொம்ப நல்லவரும்மா.”

“அப்ப நீங்க அப்படியே கூப்டுங்க.”

மீஞ்சூர் போய் மீன். வஞ்சிரம் விலை கேட்டுவிட்டுச் சங்கரா வாங்கினோம். எஸ்தர் குழம்பு, ரெண்டு தட்டு சோறு.

நைனா, கண்ணு சொக்குது. கொஞ்சம் படுக்கிறேன்.