ஓடாத மூன்றாவது வரி

14 அக்டோபர், செவ்வாய்

நிரல்களில் பிழை தேடும் அந்த இலவச மென்பொருளை, சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி நம் இஷ்டப்படி வேலை வாங்கலாம். அதற்கான கட்டளைகளைச் சீர்செய்து, உதாரணங்களோடு விளக்கப் பக்கங்களும் எழுதி பிப்ரவரியில் இணையத்தில் ஏற்றினேன். அதன்பிறகு யாரிடமிருந்தும் ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் தெளிவாக இருப்பதால்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார், முதல் உதாரணத்தின் மூன்றாவது வரி ஓடவே இல்லை என்று. ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். அப்படியானால் இந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூட அதை முயன்று பார்க்கவில்லை.

அவமானமாக இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏளா, யாரு? கப்பல்லருந்து மாப்பிள்ளையா?" என்றாள் அம்மா, சாளை மீனை அலசிக்கொண்டே.

"இல்லம்மா. நான் எழுதுனதுல தப்பு இருக்குன்னு ஒருத்தரு சொல்லுதாரு."

"அதுக்கா இந்தச் சிரிப்பு?"

என் கணவர் கப்பலிலிருந்து அழைத்துப் பதினோரு நாளாகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

திருத்தம் இரண்டு நிமிட வேலை. செய்தும் வைத்துவிட்டேன். அனுப்பினால் அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதனால், எந்தக் கணினியில் ஓட்டினீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

எதில் ஓட்டினாலும் அந்த வரி ஓடாது.