பருத்திக்கொட்டையில் இரண்டு கோடு

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். பிம்ப்ரி பஸ் லேட். லேபில் கோழித்தீவன சாம்பிள் குவியல். மரபணு மாற்றிய சோயா கலந்திருக்கிறதா என்று கேட்பது ஏற்றுமதிக்காரர்கள் மட்டும். தின்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை.
திரும்பும் வழியில் கடையில் டயபர், பல்பு, உப்பு. உப்பு பாக்கெட்டில் 'மரபணு மாற்றம் இல்லாதது' என்று பச்சை முத்திரை. உப்புக்கு ஏது மரபணு. கடைக்காரரிடம் சொன்னேன். "பிக்தா ஹை, சாப்." விற்கிறதாம்.

ஜூலை 8, செவ்வாய்
மழை வலுத்தது. என் மனைவி சுகன்யாவின் அப்பா கோவையிலிருந்து வந்ததிலிருந்து போனில் 'எல்லாம் விஷம்' வீடியோக்களாக. இன்று வாசலில் பால்காரரிடம் விசாரணை. எருமைக்கு என்ன தீவனம்? பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. பாலை நிறுத்திவிட்டார். என்னைக் கேட்கவில்லை.
"பாத்தீங்களா மாப்ளே. ஜீனை மாத்துன கொட்டைங்க. எம் புள்ள இந்தப் பாலக் குடிச்சுத்தானுங்க போனா."
கணையத்தில் கட்டி, மாமா. காரணம் டாக்டருக்கே தெரியாது. புண்ணாக்கு எருமை வயிற்றிலேயே செரித்துவிடும், பாலில் வராது. எல்லாம் சொன்னேன்.
"அவ போறப்ப உங்க படிப்பு என்னங்க பண்ணுச்சு?"
பவுடர் பால் கலக்கப் போனேன்.
மகள் மித்து அதைத் துப்பினாள். இரண்டு வயது. எருமைப்பால் பழகிய நாக்கு.

ஜூலை 10, வியாழன்
மித்து இளைத்திருக்கிறாள். மாமா: "புள்ளைய நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறனுங்க. இங்க திங்கறதெல்லாம் விஷம்."
பார்க்கலாம் என்றேன். வாசலில் சுகன்யாவின் செருப்பு. நனைந்திருந்தது. உள்ளே எடுத்து வைத்தேன்.

ஜூலை 12, சனி
மழை விட்டது. மாமா பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம். ஊர்ச் சந்தைப் பருத்திக்கொட்டை. ஊறவைத்து, மிக்சியில் அடித்து, பிழிந்து, கருப்பட்டி, சுக்கு. பருத்திப்பால். சுகன்யாவுக்கு உயிர். மித்து கடகடவென்று குடித்தாள். "இன்னும்."
எருமை தின்றால் விஷம். பேத்தி குடித்தால் மருந்து. நாட்டில் இன்று விளைவது பெரும்பாலும் மாற்றிய பருத்திதான். காலமெல்லாம் மில்லில் பஞ்சு பார்த்த மாமாவுக்குத் தெரியாதா. எரிச்சல் தாங்கவில்லை. பையில் லேப் சோதனைப் பட்டை இருந்தது. மிச்சக் கொட்டையை நசுக்கி, தண்ணீரில் கலக்கி, பட்டையை நிறுத்தினேன். ஒரு கோடு என்றால் மரபணு மாற்றம் இல்லை. இரண்டு என்றால் இருக்கிறது.
இரண்டு.
இதே சமையல் மேடையருகே முன்பும் இரண்டு கோடு பார்த்திருக்கிறேன். சுகன்யா கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். மித்து வரப்போகிறாள் என்று.
"என்னுங்க அது?"
மறைத்திருக்கலாம். காட்டினேன். "நம்ம ஊர்க் கொட்டையிலயும் இருக்கு மாமா. ஒண்ணும் செய்யாது."
பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"அப்ப எம் புள்ள எதுனாலதானுங்க போனா?"
"தெரியல மாமா."

ஜூலை 13, ஞாயிறு
வெயில். வாசலில் பால்காரரின் மணியோசை. மாமாவே தூக்குச்சட்டியோடு போய் நின்றார். காய்ச்சி, ஆற்றி, மித்துவுக்கு. எனக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால். சுக்கு அதிகம். குடித்தேன்.
ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னார்.
"ஒண்ணு போதுங்க மாப்ளே."